பிள்ளைத்தாய்ச்சி சர்ஜனுக்குச் சில குறிப்புகள்

எட்டாவது வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் முடியட்டும், கண் பட்டுவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். ஊருக்கும் உறவுக்கும் அப்படியே இருக்கட்டும். ஆனால் மருத்துவமனையில் மூன்று பேருக்குத் தெரிந்தாக வேண்டும்: யூனிட் சீஃப், உங்களோடு வழக்கமாக வரும் மயக்க மருத்துவர், தியேட்டர் பொறுப்பு சிஸ்டர்.

பட்டுத் தெரிந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன். எம்.எஸ். இரண்டாம் ஆண்டில் முதல் முறை கர்ப்பமானபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. யூனிட்டில் பெண் நான் ஒருத்திதான். "இதற்குத்தான் பெண்களுக்கு சர்ஜரி வேண்டாம் என்கிறோம்" என்று யாராவது சொல்லி நான் கேட்க வேண்டாமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பத்தாவது வாரத்தில் கலைந்தது. வேலையால்தான் கலைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் கலையும் கருக்களில் பெரும்பகுதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம், அதற்கு யாரும் பொறுப்பில்லை. எனக்கு ஆறாதது வேறு. கர்ப்பம் என்றே சொல்லாதவள் கலைந்துவிட்டது என்று எப்படி விடுப்புக் கேட்பாள்? வயிற்றுப்போக்கு என்று எழுதிக் கொடுத்து இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் இரவு டியூட்டிக்குப் போனேன். கருச்சிதைவுக்கு ஆறு வார விடுப்பு உண்டு என்பது 1961ஆம் ஆண்டு மகப்பேறு பலன் சட்டத்திலேயே இருந்தது. அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

இரண்டாவது முறை, 2019இல், நான் தென் மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியை. வீட்டில் சோதனை அட்டையில் இரண்டு கோடு தெரிந்து மூன்றாவது வாரமே சீஃப் அறைக்குப் போய்விட்டேன். "சார், நான் கர்ப்பமாக இருக்கிறேன். மார்ச் நடுவில் தேதி. அதுவரை எந்த வேலையைச் செய்வேன், எதைச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்" என்று ஒரு பக்கத் தாளை நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "என் அம்மா நாற்று நட்டுக்கொண்டே என்னைப் பெற்றாள்" என்றார். "அம்மாவைக் கேட்டுப் பாருங்கள் சார், முடிந்திருந்தால் உட்கார்ந்திருப்பார்" என்றேன். சிரித்துவிட்டார். தாளில் கையெழுத்தும் போட்டார்.

அந்தத் தாள்தான் முக்கியம். வாயால் சொன்னால் சலுகை கேட்பதாகிவிடும். எழுதிக் கொடுத்தால் டியூட்டி அட்டவணைக்கான தகவலாகிவிடும். மன்னிப்புக் கேட்கிற தொனியில் மட்டும் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

தாளில் என்ன எழுதுவது? இனி வருவதெல்லாம் அதுதான்.

கர்ப்பமாவதற்கு முன்பே செய்ய வேண்டியவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் செய்வதில்லை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டால் போதாது; எதிர்ப்புத் திறன் அளவு 10க்கு மேல் இருக்கிறதா என்று ரத்தத்தில் பாருங்கள். ரூபெல்லா, சின்னம்மை எதிர்ப்புத் திறன் இல்லாவிட்டால் முதலில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் உயிருள்ள கிருமியைக் கொண்டவை. கர்ப்பத்தில் போடக்கூடாது, போட்ட பின் ஒரு மாதமாவது கர்ப்பம் தள்ளிப்போக வேண்டும். ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம், கர்ப்பத்துக்கு முன்பிருந்தே. வெளிநோயாளிப் பிரிவில் ஊருக்கெல்லாம் சொல்கிறோம் இல்லையா, அதேதான்.

குமட்டலும் மயக்கமும்

முதல் மூன்று மாதம் எதிரி வாடைதான். மின்சாரத்தால் திசுவைத் தீய்க்கும் டயதெர்மியின் புகை, அழுகிய சர்க்கரைக் கால், உடைத்துவிட்ட சீழ்க்கட்டி. பத்து வருடமாக மூக்கில் ஏறாத வாடையெல்லாம் ஏழாவது வாரத்தில் திடீரென்று ஏறும். எனக்குக் கைகொடுத்தது பொரி. உடை மாற்றும் அறை லாக்கரில் ஒரு டப்பா பொரியும் பொட்டுக்கடலையும்; கை கழுவப் போவதற்குப் பத்து நிமிடம் முன்பு ஒரு கைப்பிடி. வெறும் வயிற்றோடு மட்டும் கை கழுவாதீர்கள். முகக்கவசத்தின் வெளிப்பக்கம் ஒரே ஒரு சொட்டு நீலகிரித் தைலம் தொட்டுக்கொள்ளலாம். இரண்டு சொட்டு விட்டால் கண் எரிந்து தையல் தெரியாது. டாக்ஸிலமின், பைரிடாக்சின் சேர்ந்த மாத்திரையை உங்கள் மகப்பேறு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் சாப்பிடுங்கள். ஆனால் இரவில், அது தூக்கம் வரவைக்கும்.

டயதெர்மி புகை குமட்டலுக்காக மட்டுமல்ல, யாருக்குமே நல்லதல்ல. உறிஞ்சு குழாயின் நுனியைத் தீய்க்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்கும்படி உதவியாளரிடம் சொல்லுங்கள். அவர் நுரையீரலுக்கும் நல்லது.

மயக்கம் வருவது போலிருந்தால் என்ன செய்வது என்பதை ஒரு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். பதினோராம் வாரம், ஒரு ஹெர்னியா. வலை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். காதுக்குள் இரைச்சல், உதட்டைச் சுற்றி ஊசி குத்துவது போல, ஊசி பிடிக்கும் கருவி இருக்க வேண்டியதைவிடத் தூரத்தில் தெரிந்தது. பழைய நானாக இருந்தால் இன்னும் ஒரே ஒரு தையல்தானே என்று நின்றிருப்பேன். "எனக்குத் தலை சுற்றுகிறது" என்று உரக்கச் சொன்னேன். கருவியைத் தட்டில் வைத்தேன். மேசையிலிருந்து இரண்டடி பின்னால் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் சிஸ்டர் என் கவுனைப் பின்னாலிருந்து அவிழ்த்துக்கொண்டே, "மேடம், தலையை முழங்காலுக்கு நடுவில்" என்றார். பி.ஜி. பையன் அந்தத் தையலைப் போட்டான். நான்கு நிமிடத்தில் சரியாகிவிட்டது. பாதி டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் கை கழுவி வந்தேன்.

இதில் இரண்டு விஷயம். நோயாளியின் வயிற்றுக்கு மேல் விழாமல், பின்னால் வந்து, நீங்களாகவே உட்கார வேண்டும். இன்னொன்று, உங்கள் கருவியை வாங்கிக்கொள்ள எதிரில் ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த ஒன்பது மாதமும் தனியாக எந்த கேஸும் எடுக்காதீர்கள், அப்பெண்டிக்ஸ் என்றாலும்.

நிற்பது

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. அசையாமல் நின்றால் அதில் ஒரு பங்கு காலிலேயே தங்கிவிடும். நடப்பதில் இல்லாத சிக்கல் நிற்பதில் இருப்பது அதனால்தான். அழுத்தக் காலுறை இரண்டு ஜோடி வாங்குங்கள், ஒன்று துவைக்கப் போனால் ஒன்று. காலையில் கட்டிலைவிட்டு இறங்குவதற்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். வீங்கிய காலில் அதை ஏற்றுவது தனி ஆபரேஷன். மேசைக்கடியில் சிறு படிக்கட்டைப் போடச் சொல்லி ஒரு காலை அதில் வைத்து, பத்து நிமிடத்துக்கொரு முறை கால் மாற்றுங்கள். இடுப்புக்கு உடனே தெரியும்.

அடுத்தது ஸ்டூல். ஏற்றி இறக்குகிற சக்கர ஸ்டூல் எங்கள் தியேட்டரில் ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் கண் ஆபரேஷனுக்குப் போய்விடும். அதைப் பிடித்து வைப்பதற்குத்தான் சிஸ்டரிடம் முதலிலேயே சொல்லச் சொன்னேன். மூலம், பவுத்திரம் போன்றவற்றை உட்கார்ந்தே செய்யலாம். இருபதாவது வாரத்திலிருந்து என் சக உதவிப் பேராசிரியரோடு பண்டமாற்று செய்துகொண்டேன்: என் தைராய்டு உனக்கு, உன் பவுத்திரங்கள் எனக்கு. பவுத்திரம் யாருக்கும் பிடிக்காது. ஆகவே பேரம் சுலபமாகப் படிந்தது. அந்த மூன்று மாதத்தில் நான் செய்த பவுத்திரங்களால் இப்போது எங்கள் கல்லூரியில் அதற்கென்றே என்னிடம் அனுப்புகிறார்கள். இதை முன்கூட்டி யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் மாதம் தாண்டினால் வயிறு உங்களுக்கும் மேசைக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக நிற்கும். எட்டிப் பிடிப்பதால் முதுகு போகும். நோயாளியை உங்கள் பக்கத்து ஓரத்துக்கு நகர்த்திப் படுக்கவையுங்கள், மேசையைக் கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள். வயிற்றை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டு நிற்கக்கூடாது. கை வீங்கும்: என் கையுறை ஆறரையிலிருந்து ஏழுக்குப் போனது. முப்பதாவது வாரத்தில் வலது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மரத்தன. மணிக்கட்டில் நரம்பு நெருக்குவது கர்ப்பத்தில் சாதாரணம். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டிக்கொண்டு தூங்கினால் காலையில் விரல் விரலாக இருக்கும். மரத்த விரலோடு ரத்தக் குழாய் தைக்கப் போகாதீர்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் கேஸானால் நடுவில் வெளியே வாருங்கள். சிறுநீர், தண்ணீர், இடது பக்கமாகச் சாய்ந்து ஐந்து நிமிடம். அப்படி வர முடியாத கேஸ் என்றால் அது உங்கள் கேஸ் அல்ல.

கண்ணுக்குத் தெரியாதவை

ஆபரேஷன் நடுவிலேயே எக்ஸ்ரே படம் காட்டும் சி-ஆர்ம் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அளவறிந்து பயப்படலாம். கர்ப்பத்தைத் தெரிவித்த பின் பிரசவம் வரை கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம். கதிர் அளவைப் பதியும் பேட்ஜ் இன்னொன்று கேட்டு வாங்கி ஈய ஏப்ரனுக்கு உள்ளே, வயிற்றுக்கு நேரே மாட்டுங்கள். மாதாமாதம் அளவைக் கேளுங்கள். உங்கள் மேல் படுவது பெரும்பாலும் நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் அது கால் பங்காகிவிடும். ஆகவே பொத்தானை அழுத்தும்போது ஓரடி பின்வாங்குவதே பெரிய காரியம். கதிர்க் குழாய் மேசைக்குக் கீழே இருக்கட்டும். பக்கவாட்டில் படம் எடுக்கும்போது குழாய் இருக்கும் பக்கம் நிற்காதீர்கள், படம் வாங்கும் பக்கம் நில்லுங்கள். சிதறல் குழாய்ப் பக்கம்தான் அதிகம்.

ஏப்ரன்களைப் பற்றி ஒரு வார்த்தை. நான் படித்த இடத்தில் ஏப்ரன்களைத் துண்டு மடிப்பது போல மடித்து மூலையில் போட்டிருப்பார்கள். மடித்தால் உள்ளே இருக்கும் ஈயத் தகடு விரிசல் விடும், வெளியே தெரியாது. ஒரு நாள் சும்மா சி-ஆர்மில் வைத்துப் பார்த்தோம், வயிற்றுக்கு நேரே பட்டம் போல ஒரு கிழிசல். நீங்கள் போடப்போகும் ஏப்ரனை அதே மாதிரி ஒரு முறை படம் பிடித்துப் பாருங்கள். மேல்சட்டை, பாவாடை என்று இரண்டு துண்டாக வருவதாக இருந்தால் பாரம் தோளிலிருந்து இடுப்புக்கும் பிரியும். என் பிரிவில் சி-ஆர்ம் கேஸ்களை மொத்தமாக விட்டுவிட முடிந்தது. எலும்பு முறிவுப் பிரிவில் இருப்பவர்களுக்கு அது முடியாது. அவர்களுக்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

மயக்க வாயுக்களுக்கு மருந்து காற்றோட்டம்தான். உங்கள் தியேட்டரில் கழிவு வாயுவை வெளியேற்றும் குழாய் இணைந்திருக்கிறதா என்று மயக்க மருத்துவரிடம் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. குழந்தைகளுக்கு முகமூடி வைத்து மயக்கம் கொடுக்கும்போதுதான் வாயு அதிகம் கசியும். மூச்சுக்குழாயில் டியூப் போகும் வரை வெளியே நில்லுங்கள். எலும்பு சிமெண்ட் கலக்கும்போதும், வயிற்றுக்குள் புற்றுநோய் மருந்தைச் சூடாக ஊற்றும் கேஸ்களிலும் உள்ளே இருக்காதீர்கள்.

ஊசிக் குத்துதான் எனக்கு உண்மையான பயம். இரட்டைக் கையுறை, கையிலிருந்து கைக்குக் கத்தி கொடுக்காமல் தட்டில் வைத்து எடுப்பது, வயிற்றுச் சுவர் மூட மழுங்கிய ஊசி. இவ்வளவுக்குப் பிறகும் குத்திவிட்டால் பிழிய வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம், சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். எச்.ஐ.வி. சந்தேகம் என்றால் முதல் மாத்திரை இரண்டு மணி நேரத்துக்குள், 72 மணி நேரத்தைத் தாண்டாமல். பிறகு 28 நாள். கர்ப்பம் என்பதற்காக அந்த மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும்கூட கர்ப்பத்தில் போடக்கூடியவைதான்.

வீட்டாரும் கிரகணமும்

2019 டிசம்பர் 26 காலை வளையச் சூரிய கிரகணம். எனக்கு ஏழு மாதம். முந்தைய இரவே மாமியார் ஃபோன்: கிரகணம் விடும் வரை கத்தி, கத்தரிக்கோல், ஊசி தொடக்கூடாது, பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும். "அத்தை, என் வேலையே அதுதானே" என்றேன். "அப்போது விடுப்புப் போடு." காலை எட்டரைக்குக் குடலில் ஓட்டை விழுந்த ஒருவர் வந்துவிட்டார், முதல் நாள் மாலையிலிருந்து வலியாம், வயிறு பலகை போல இருந்தது. ஒன்பதுக்குக் கத்தியை வாங்கினேன். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்கள். தியேட்டரில் ஜன்னல் இல்லை. என் மகள் உதடெல்லாம் சரியாகத்தான் பிறந்தாள். இருந்தாலும் அத்தையிடம் இன்றுவரை அந்தக் கேஸைப் பற்றிச் சொல்லவில்லை. எல்லாச் சண்டையும் போட்டாக வேண்டியதில்லை.

மார்கழியில் விசேஷம் இல்லை என்பதால், தை பிறந்ததும் ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு. பிரசவம் வரை கழற்றக்கூடாது என்று இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். வளையலோடு கை கழுவ முடியாது. கையுறை கிழியும், கிருமி தங்கும். ஞாயிறு வளைகாப்பு, திங்கள் எனக்குத் தியேட்டர். அம்மாவிடம் விளக்கினேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வளையலையெல்லாம் மஞ்சள் துணியில் முடிந்து, "உன் அலமாரியில் வை. சாயங்காலம் வந்து போட்டுக்கொள். குழந்தைக்குச் சத்தம் கேட்டால் போதும்" என்றார். பொரி டப்பாவுக்குப் பக்கத்தில் அந்த முடிச்சு இருந்தது.

நோயாளிகளின் உறவினர்கள் கேட்பார்கள், "இந்த நிலைமையில் இந்த டாக்டரா?" என்று. கோபப்படாதீர்கள். "என்னோடு இன்னொரு டாக்டரும் உள்ளே இருப்பார்" என்றால் முடிந்தது. விதைப்பை வீக்கத்துக்கு வந்த ஒரு பெரியவர் மட்டும், "எனக்கு ஒன்றும் அவசரமில்லை தாயீ, நீ பெற்றுவிட்டு வா" என்று வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு வருடம் கழித்து வந்தார்.

இரவு டியூட்டி, விடுப்பு, காகிதங்கள்

அமெரிக்காவில் 2021இல் வெளியான ஓர் ஆய்வில் 692 பெண் சர்ஜன்களைக் கேட்டார்கள். 42 சதவீதத்தினர் ஒரு கருவையாவது இழந்திருந்தார்கள். கடைசி மூன்று மாதத்தில் வாரத்துக்கு 12 மணி நேரமோ அதற்கு மேலோ ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சிக்கல் கூடுதல். இந்த ஆய்வு வருவதற்கு முன்பே நான் பெற்றுவிட்டேன். ஆனால் இப்போது என் யூனிட்டில் கர்ப்பமாகும் பெண்களுக்கு இந்த 12 என்ற எண்ணைத்தான் வரம்பாக வைக்கிறேன். 28 வாரத்துக்கு மேல் இரவு டியூட்டி வேண்டாம். அதற்குப் பதிலாக ஞாயிறு பகல் அவசரப் பிரிவை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் முணுமுணுக்கவில்லை, முணுமுணுத்திருந்தாலும் மாற்றியிருக்க மாட்டேன். 32 வாரத்திலிருந்து நீண்ட கேஸ் இல்லை, 34லிருந்து கத்தி இல்லை, வார்டும் வெளிநோயாளிப் பிரிவும் மட்டும், 36ல் விடுப்பு. இது என் கணக்கு. உங்கள் ரத்த அழுத்தமும் உங்கள் மகப்பேறு மருத்துவரும் வேறு கணக்குச் சொல்லலாம். ரத்தப்போக்கு, விட்டு விட்டு வயிறு இறுகுவது, குழந்தை அசைவு குறைவது, கடும் தலைவலி, இவற்றில் எது வந்தாலும் கேஸ் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, இறங்கிவிடுங்கள்.

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு என் காலத்தில் 9 மாத விடுப்பு. 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். தனியார் மருத்துவமனைகளுக்கு 2017 திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். மேற்படிப்பு மாணவிகள் விடுப்பு எடுத்தால் பயிற்சி எவ்வளவு நீளும், தேர்வு எப்போது என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிளார்க் வாயால் சொல்வது அடுத்த கிளார்க் வந்ததும் மாறும்.

பிக்மி எண்ணை, அதாவது அரசின் கர்ப்பப் பதிவு எண்ணை, மறக்காதீர்கள். நான் மறந்தேன். இருபத்துநான்காம் வாரத்தில் என் மகப்பேறு மருத்துவத் தோழி கேட்டபோதுதான், பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும் என்பதே நினைவு வந்தது. நகர சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்து பதிவேட்டைத் திறந்தார். எடை பார்த்தார். ஹீமோகுளோபின் 9.2 என்ற சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" "சாப்பிடுகிறேன்." "எதோடு?" "காலை டீயோடு." பேனாவை மூடி வைத்தார். டீயோடு சாப்பிட்டால் சத்து உடம்பில் ஏறாது, எலுமிச்சைச் சாறோடு சாப்பிட வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். எம்.எஸ். படித்தவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். அடுத்த மாதம் 10.4.

விடுப்பில் போகும் அன்று கொடுக்க வேண்டிய தாளும் ஒன்று இருக்கிறது. உங்கள் கையால் ஆபரேஷன் ஆகி இன்னும் தையல் பிரிக்காதவர்கள், திசுப் பரிசோதனை முடிவு வராதவர்கள், தேதி கொடுத்து வரச்சொன்னவர்கள், ஒவ்வொருவருக்கும் நேரே யார் பார்க்கப்போகிறார் என்ற பெயர். என் தாளில் பதினோரு பேர். பத்துப் பேரைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். பதினோராவது பெயர் விதைப்பை வீக்கப் பெரியவர். அவருக்கு நேரே, "2021, நானே" என்று எழுதினேன்.